பூவுக்கு இலக்கணம் கண்டவர்

நண்பனை இழந்தார், சொத்தை விற்றார், எடுத்த வேலையை விடவில்லை!

சுவரில் பூ. திரைச்சீலையில் பூ. தரையில் விரிக்கும் கம்பளத்தில் பூ. சாப்பிடும் தட்டின் ஓரத்திலும் பூ. பூப்போட்ட பொருள் ஒன்றுகூட இல்லாத வீட்டைக் காண்பது அரிது.

அந்தப் பூவை எப்படிப் போடவேண்டும்? செடியில் பூத்திருப்பதுபோலவே அச்சாக வரைந்துவிடலாமா? அல்லது பழைய அரண்மனையிலும் கோயிலிலும் இருக்கும் பூவேலையைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டும் கூடாது என்றார் ஒருவர். செடி எந்த விதிப்படி வளர்கிறதோ, அந்த விதியைக் கற்றுக்கொண்டு புதிய பூவைப் படைக்கவேண்டும் என்றார். இந்த உண்மையைக் கண்டுபிடிக்க அவர் நாடு நாடாக அலைந்தார். அருமை நண்பனைப் பறிகொடுத்தார். தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொத்தை விற்றார். பத்திரிகைகளிடம் வசவும் வாங்கினார்.

அவர்தான் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஓவன் ஜோன்ஸ்.

ஏடு தேடிய தகப்பனார்

ஓவன் ஜோன்ஸ் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி லண்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் பெயரும் ஓவன் ஜோன்ஸ்தான். அவர் வேல்ஸ் நாட்டுக்காரர். பிழைப்பைத் தேடி லண்டனுக்கு வந்தவர். தேம்ஸ் தெருவில் விலங்குகளின் மயிர்த்தோலை வாங்கி விற்கும் வியாபாரம் செய்தார்.

வியாபாரியாக இருந்தாலும் அவருடைய மனம் தாய்மொழியில் இருந்தது. வேல்ஸ் மொழியின் பழைய ஏடுகள் கேட்பாரற்று அழிந்துகொண்டிருந்தன. அவற்றைத் தேடிப் பிடித்தார். பிரதி எடுக்கச் செய்தார். 1801 முதல் 1807 வரை 3 பாகங்களாக அச்சிட்டு வெளியிட்டார். செலவு முழுவதும் அவருடைய கைப்பணம்.

1814-ம் ஆண்டில் அவர் இறந்துபோனார். அப்போது மகனுக்கு வயது 5. தகப்பனாருடன் பழகி அவருடைய குணத்தை அறியும் வயது அல்ல. ஆனாலும் பழம்பொருளைக் காப்பதற்குக் கைப்பணத்தைக் கொட்டும் குணம் மகனுக்கும் வந்துசேர்ந்தது.

ஓவன் ஜோன்ஸ் 16-வது வயதில் லூயிஸ் வல்லியாமி என்ற கட்டிடக் கலைஞரிடம் சேர்ந்தார். அங்கே 6 ஆண்டுகள் வேலை பழகினார். ராயல் அகாடமியின் பள்ளியிலும் படித்தார். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் புறப்பட்டார்.

கிரீஸ் நாட்டில் கிடைத்த நண்பன்

இத்தாலியைப் பார்த்துவிட்டு அவர் கிரீஸ் நாட்டுக்குப் போனார். அங்கே ஜூல் கூரி என்ற பிரெஞ்சு இளைஞரைச் சந்தித்தார். கூரியும் கட்டிடக் கலைஞர். அப்போது அவர் ஓர் அதிசயமான ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார்.

கிரேக்கரின் பழைய கோயில்கள் வெள்ளைச் சலவைக்கல்லால் ஆனவை. அவை எப்போதும் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தன என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். கூரியும் அவருடைய தோழர்களும் கல்லைக் கூர்ந்து பார்த்தார்கள். சந்து பொந்துகளில் பழைய வர்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோயில்கள் ஒரு காலத்தில் வர்ணம் பூசி விளங்கியவை என்று தெரிந்தது.

இதைக் கேட்ட ஜோன்ஸுக்கும் வர்ணத்தின்மீது ஆசை பிறந்தது. இருவரும் இணைபிரியாத தோழர்கள் ஆனார்கள். எகிப்துக்குப் போய் நைல் நதிக்கரைக் கோயில்களை வரைந்தார்கள். துருக்கித் தலைநகருக்குப் போய் மசூதிகளைப் பார்த்தார்கள். 1834-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் உள்ள கிரானடா நகரை அடைந்தார்கள்.

சிவப்புக் கோட்டை

கிரானடாவில் ஒரு குன்றின்மேல் அல்ஹம்ப்ரா அரண்மனை இருக்கிறது. ஸ்பெயினின் தென்பகுதியை முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட காலத்தில் கட்டப்பட்டது அது. அல்ஹம்ப்ரா என்ற அரபுச் சொல்லுக்குச் சிவப்பு என்று பொருள். கோட்டைச் சுவர் செந்நிறமாக இருப்பதால் இந்தப் பெயர்.

13-ம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டிட வேலை 14-ம் நூற்றாண்டில் உச்சநிலையை அடைந்தது. 1492-ல் கிரானடா கிறிஸ்தவ அரசர்களின் கைக்கு மாறியது. அதன்பிறகு அரண்மனை மெல்ல மெல்லச் சீர்குலைந்தது. 1812-ல் நெப்போலியனின் படைகள் பின்வாங்கிப் போனபோது சில கோபுரங்களை வெடி வைத்துத் தகர்த்துவிட்டன.

வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கோட்டை. உள்ளே போனால் வேறு உலகம்! நடுவிலே ஒரு முற்றம். அங்கே 12 கல் சிங்கங்கள் ஒரு நீரூற்றுத் தொட்டியைத் தாங்கி நிற்கின்றன. சுவரின் கீழ்ப்பகுதியில் பல வர்ண ஓடுகள். அதற்குமேல் கூரை வரையில் சுதை வேலை. கொடியும் இலையும் மொட்டும் பூவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுக்கு இடையே அரபு எழுத்துகளும் கொடியைப்போல ஓடுகின்றன. சுவரில் உள்ளங்கை அகல இடம்கூட வெறுமையாக விடப்படவில்லை. ஆனாலும் கண்ணுக்கு அலுப்பில்லை.

ஜோன்ஸும் கூரியும் இந்த அதிசயத்தில் மூழ்கிப்போனார்கள். நாள்தோறும் அளந்தார்கள், வரைந்தார்கள். பூவேலையின்மீது காகிதத்தை வைத்து அழுத்தி அதன் வடிவை எடுத்தார்கள். சில இடங்களில் சுண்ணச் சாந்தைப் பதித்து அச்சு எடுத்தார்கள். சுதையின் பள்ளங்களில் ஒளிந்திருந்த வர்ணத்தையும் தேடினார்கள். சிவப்பு, நீலம், தங்கம் ஆகிய மூன்றும் கிடைத்தன.

நண்பன் மறைந்தான்

இப்படி 6 மாதங்கள் ஓடின. அந்த ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் காலரா நோய் பரவியிருந்தது. ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி அந்த நோய் கூரியைக் கொண்டுபோய்விட்டது.

ஜோன்ஸுக்கு அப்போது வயது 25. அந்நிய நாடு. கூட வந்த தோழன் இல்லை. கையிலே பாதி முடிந்த படங்கள். மனம் உடைந்து இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஆனால் கூரியின் உழைப்பு வீண்போக அவர் விடவில்லை. படங்களைப் புத்தகமாகக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். விட்டுப்போனதை வரைவதற்காக 1837-ல் மறுபடியும் கிரானடாவுக்குப் போனார். இந்தத் தடவை தோழன் இல்லாமல் போனார்.

வர்ணம் ஏற மறுத்த அச்சு

புத்தகம் போடுவதில் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. அல்ஹம்ப்ராவின் உயிரே வர்ணத்தில் இருக்கிறது. கறுப்பு மையில் அச்சடித்தால் பயன் இல்லை. ஆனால் வர்ணப் படம் அச்சடிக்கும் தொழில் அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஜோன்ஸ் எதிர்பார்த்த அளவுக்கு அச்சிட்டுத் தர லண்டன் அச்சுக்கூடங்களால் முடியவில்லை.

ஜோன்ஸ் தாமே அச்சு வேலையில் இறங்கினார். கல்லச்சு முறையைக் கையாண்டார். வழவழப்பான கல்லின்மீது மெழுகுப்பசை உள்ள மையால் படம் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து அச்சு மையைத் தடவினால் கோடு உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். அதன்மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் விழும். ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று என்று ஒரே காகிதத்தைப் பல தடவை அச்சிடவேண்டும். ஒரு தடவை மயிரிழை நகர்ந்தாலும் படம் பாழ்.

பணம் தண்ணீராய்ச் செலவாயிற்று. புத்தகத்தை வாங்க முன்வந்தவர்கள் அதிகம் இல்லை. தகப்பனார் விட்டுச்சென்ற வேல்ஸ் நாட்டுச் சொத்தை ஜோன்ஸ் விற்றார். 1836-ல் முதல் பகுதி வெளிவந்தது. வேலை முழுவதும் முடியும்போது 1845 ஆகிவிட்டது.

அந்தப் பெரும் புத்தகத்தின் முகப்பில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. காலஞ்சென்ற கூரியின் பெயர் முதலில். ஜோன்ஸின் பெயர் அடுத்தபடியாக!

புத்தகத்தால் அவருக்கு லாபம் இல்லை. பெயர் கிடைத்தது. வர்ண அச்சுத் தொழிலில் அவர் முன்னோடி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

சுவர் சொல்லிய விதி

அல்ஹம்ப்ராவின் சுவர்களிலிருந்து ஜோன்ஸ் கற்றது என்ன?

அங்கே உள்ள பூ எந்தத் தோட்டத்திலும் பூக்கிற பூ அல்ல. ஆனாலும் அது உயிருள்ள செடிபோலத் தோன்றுகிறது. காரணம், செடி வளரும் விதியை அந்தச் சிற்பிகள் அறிந்திருந்தார்கள்.

முதல் விதி: ஒவ்வொரு பூவும் இலையும் ஒரு தாய்த்தண்டிலிருந்து கிளம்பவேண்டும். எவ்வளவு தூரம் சுற்றி வளைந்து போனாலும், விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தால் வேருக்கு வந்துசேர வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பூ கூடாது.

இரண்டாவது விதி: கிளைக்கோடு தாய்க்கோட்டிலிருந்து வழுக்கினாற்போலப் பிரியவேண்டும். ஆற்றிலே வாய்க்கால் பிரிவதுபோல இருக்கவேண்டும். ஒடித்து ஒட்டவைத்தாற்போல இருக்கக்கூடாது.

மூன்றாவது விதி: இடத்தை அளவோடு பங்கிடவேண்டும். இதற்கு மனிதனின் கையையும் ஒரு மரத்தின் இலையையும் ஜோன்ஸ் உதாரணம் காட்டினார். உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஐந்து விரலும் ஒரே அளவு அல்ல. ஆனாலும் எல்லாம் ஓரிடத்திலிருந்து கிளம்பி, இடத்தை அழகாகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

நான்காவது விதி: கட்டிடத்தை அலங்கரிக்கலாம், அலங்காரத்துக்காகக் கட்டிடம் கட்டக்கூடாது. சுவர் சுவராகத் தெரியவேண்டும். தூண் தூணாகத் தெரியவேண்டும். பூவேலை அதற்கு அணியாக இருக்கவேண்டும்.

கண்ணாடி மாளிகைக்கு வர்ணம்

1851-ம் ஆண்டு லண்டன் ஹைட் பூங்காவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காக ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை எழுப்பினார். அதன் நீளம் 1,800 அடிக்கும் மேல். உள்ளே வர்ணம் பூசும் பொறுப்பு ஜோன்ஸுக்குக் கிடைத்தது.

இரும்புக்குச் சாதாரணமாக ஒரே வர்ணம்தான் பூசுவார்கள். ஜோன்ஸோ நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் பூசப்போவதாகச் சொன்னார். நீலம் 8 பங்கு, சிவப்பு 5 பங்கு, மஞ்சள் 3 பங்கு என்பது அவருடைய கணக்கு. நடுநடுவே வெள்ளை.

பத்திரிகைகள் பாய்ந்தன. மாளிகையைக் கெடுக்கப் போகிறார் என்று எழுதினார்கள், கேலி செய்தார்கள். ஜோன்ஸ் அசையவில்லை. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அவருக்கு ஆதரவாக நின்றார்.

மே மாதம் 1-ந் தேதி கதவு திறந்தது. உள்ளே நுழைந்தவர்கள் திகைத்து நின்றார்கள். தூரம் போகப் போக மூன்று வர்ணமும் ஒன்றாகக் கலந்து, நீலப் பனிமூட்டம்போலத் தோன்றியது. மாளிகைக்கு எல்லையே இல்லை என்ற எண்ணம் உண்டாயிற்று. ஏசிய வாய்களே புகழ்ந்தன. சுமார் 60 லட்சம் பேர் அந்தப் பொருட்காட்சியைப் பார்த்தார்கள்.

மிதிபடும் ரோஜா

பொருட்காட்சியில் இங்கிலாந்தின் தொழிற்சாலைகள் தங்கள் சரக்கைக் குவித்திருந்தன. கம்பளங்களில் நிஜ ரோஜாவைப்போலவே நிழலோடும் பனித்துளியோடும் பூக்கள் நெய்யப்பட்டிருந்தன. ஜனங்கள் ஆசையோடு பார்த்தார்கள். ஜோன்ஸுக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது பிடிக்கவில்லை. காலால் மிதிக்கும் தரையில் நிஜப் பூவைப் பரப்புவது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்டார்கள்.

அதே மாளிகையில் இந்தியாவிலிருந்து வந்த துணிகளும் சால்வைகளும் கம்பளங்களும் இருந்தன. அவற்றைக் கண்ட ஜோன்ஸ் மகிழ்ந்தார். அவற்றிலும் பூ இருந்தது. ஆனால் தட்டையான துணிக்கு ஏற்றபடி தட்டையாக இருந்தது. வர்ணங்கள் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. பெரிய யந்திரங்கள் செய்யத் தவறியதை இந்திய நெசவாளியின் கை செய்திருக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

நல்ல பொருள்களை வாங்கி மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அரசாங்கம் 5,000 பவுன் ஒதுக்கியது. பொருள்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் ஜோன்ஸும் ஒருவர். இந்தியப் பொருள்களும் வாங்கப்பட்டன. அந்தச் சேகரிப்பிலிருந்து வளர்ந்ததுதான் லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலை.

இந்தக் கொள்கையை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரபல நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1854-ல் எழுதிய ஹார்டு டைம்ஸ் நாவலில் இதைக் கிண்டல் செய்தார். பூப்போட்ட கம்பளத்தை விரும்புவதாகச் சொல்லும் ஒரு சிறுமியை அதிகாரி ஒருவர் மிரட்டுவதாக அதில் ஒரு காட்சி. ஏழைச் சிறுமிக்குப் பூவின்மேல் உள்ள ஆசையைக்கூடச் சட்டம் போட்டுத் தடுப்பதா என்பது டிக்கன்ஸின் கருத்து.

ஆனால் ஜோன்ஸ் பூவை வெறுத்தவர் அல்ல. 1848-ல் பூக்களைப் பற்றிய ஒரு கவிதைப் புத்தகத்துக்கு அவரே வர்ணப் பூக்களை வரைந்திருக்கிறார். ஏட்டில் ரசிக்கும் பூ வேறு. தரையில் மிதிக்கும் பூ வேறு என்பதே அவருடைய எண்ணம்.

100 படங்கள்

கண்ணாடி மாளிகை பிரிக்கப்பட்டு, லண்டனுக்குத் தெற்கே உள்ள சிடன்ஹாம் என்ற இடத்தில் பெரிதாகக் கட்டப்பட்டது. 1854-ல் விக்டோரியா ராணி அதைத் திறந்துவைத்தார். அங்கே எகிப்து, கிரேக்க, ரோமானிய மண்டபங்களின் மாதிரிகளை ஜோன்ஸ் அமைத்தார். அல்ஹம்ப்ராவின் சிங்க முற்றத்தையும் அமைத்தார். கிரானடாவுக்குப் போகமுடியாத சாமானிய ஜனங்கள் அங்கே போய் அதன் அழகைக் கண்டு களித்தார்கள்.

1856-ல் ஜோன்ஸின் தலைசிறந்த நூல் வெளிவந்தது. அணிவேலையின் இலக்கணம் என்பது அதன் பெயரின் பொருள். அதில் 20 அத்தியாயங்கள், 100 வர்ணப் படங்கள், 37 விதிகள். எகிப்து, அசீரியா, கிரீஸ், ரோம், அரேபியா, துருக்கி, பாரசீகம், இந்தியா, சீனா என்று பல நாடுகளின் அணிவேலையும் அதில் இடம்பெற்றது. ஐரோப்பியர்கள் காட்டுமிராண்டிகள் என்று ஒதுக்கிய பழங்குடிகளின் வேலைப்பாட்டை முதல் அத்தியாயத்திலேயே வைத்துப் பாராட்டினார்.

இந்தியாவுக்கு 2 அத்தியாயங்கள். துணி, உலோகப் பாத்திரம் முதலியவற்றின் பூவேலை ஒன்றில் வந்தது. கோயில் சிற்ப வேலை மற்றொன்றில் வந்தது. கோயில்களைப் பற்றி எழுதத் தேவையான அளவு படங்கள் கிடைக்கவில்லை என்று ஜோன்ஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. அந்த அத்தியாயத்துக்கு அவருக்கு உதவிய நூல்களில் ஒன்று, தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ் என்ற அறிஞர் இந்தியக் கட்டிடக்கலை பற்றி எழுதியது. அது அவர் மறைந்தபிறகு 1834-ல் லண்டனில் அச்சாயிற்று. அதாவது, ஜோன்ஸும் கூரியும் கிரானடாவில் சுவர்களை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டில்!

கடைசி அத்தியாயம் இலை

இத்தனை நாட்டு அணிவேலையையும் காட்டிய ஜோன்ஸ், கடைசி அத்தியாயத்தில் என்ன வைத்தார்? வெறும் இலைகளையும் பூக்களையும் வைத்தார்! மரத்திலிருந்து பறித்த இலைகளைக் காகிதத்தில் வைத்து, அதே அளவில் கோடு இழுத்துக் காட்டினார். திராட்சை இலை, ரோஜா, அல்லி முதலியவை வந்தன. கிறிஸ்டபர் டிரெஸ்ஸர் என்ற இளைஞர் ஒரு படத்துக்கு உதவினார். தாவரங்களை ஆராய்ந்த அந்த இளைஞரும் பிற்காலத்தில் பெயர்பெற்ற வடிவக் கலைஞர் ஆனார்.

இதற்குக் காரணம் உண்டு. 100 படம் கொண்ட புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எல்லோரும் அதைப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள். அதுதான் ஜோன்ஸின் அச்சம். பழையவர்கள் பெரியவர்கள், ஆனால் அவர்கள் யாரையும் பார்த்து எழுதவில்லை, இயற்கையிடம் நேரே பாடம் கேட்டார்கள். நீங்களும் அங்கேயே போங்கள் என்று வழிகாட்டுவதற்காகவே இலையைக் கடைசியில் வைத்தார்.

37-வது விதி இன்னும் முக்கியமானது. கலைஞன் மட்டும் கற்றால் போதாது. பொருள் செய்கிற முதலாளியும் அதை வாங்குகிற ஜனங்களும் கலையைக் கற்கவேண்டும். அப்போதுதான் நாட்டின் கலை உயரும் என்பது அதன் சாரம்.

வீட்டுக்கு வந்த பூ

1857-ல் பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர்கள் சங்கம் ஜோன்ஸுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. புகழ் வந்தபிறகும் அவர் பெரிய மாளிகைகளோடு நின்றுவிடவில்லை. சுவரில் ஒட்டும் சித்திரக் காகிதத்துக்குப் பூ வரைந்தார். பட்டுத் துணிக்கு வரைந்தார். கம்பளத்துக்கு வரைந்தார். விளையாட்டுச் சீட்டின் பின்பக்கத்துக்கு நூற்றுக்கும் அதிகமான சித்திரங்கள் போட்டார். 1868-ல் பிஸ்கட் விற்கும் தகரப் பெட்டிக்குக்கூட அலங்காரம் செய்து கொடுத்தார். சுல்தான்களின் சுவரில் கண்ட விதி, சாதாரணக் குடும்பத்தின் அலமாரிக்கு வந்துசேர்ந்தது.

1874-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி ஓவன் ஜோன்ஸ் லண்டனில் காலமானார். அவருக்கு வயது 65. குழந்தைகள் இல்லை.

அவர் லண்டனில் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் இசை மண்டபம் 1905-ல் இடிக்கப்பட்டது. சிடன்ஹாம் கண்ணாடி மாளிகை 1936-ல் தீக்கு இரையாயிற்று. அவர் அங்கே அமைத்த மண்டபங்களின் எச்சமும் அத்தோடு போயிற்று.

புத்தகம் பிழைத்தது. பூச்சித்திரங்களுக்குப் பேர்போன வில்லியம் மாரிஸ் அதைத் தம்மிடம் வைத்திருந்தார். அமெரிக்காவின் பெரிய கட்டிடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் இளம் வயதில் அதன் படங்களை மெல்லிய காகிதத்தில் கோடு இழுத்துப் பழகினார். ஆனால் ரைட் பின்னால் கட்டிய வீடுகளில் அல்ஹம்ப்ராவின் பூ கிடையாது. அவருடைய சொந்தப் பூ இருந்தது. ஜோன்ஸ் விரும்பியதும் அதுதான்.

பழையதை மதிக்கவேண்டும், ஆனால் அதற்கு அடிமையாகக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க அவர் பரம்பரைச் சொத்தைச் செலவிட்டார். துணிகளிலும் ஓடுகளிலும் சித்திரம் போடுகிறவர்கள் இன்றும் அவருடைய 100 படங்களைப் புரட்டுகிறார்கள். புரட்டி முடிக்கும்போது அவர்கள் கண்ணில் படுவது ஓர் இலையும் ஒரு பூவும்தான்.